இரண்டு ஹாரன்

அன்று உக்கடம் பாலத்தில் வண்டிகளை வேடிக்கை பார்க்க இருந்தவர்கள்: நான், லோகு, மூன்று மடக்கு நாற்காலிகள்.

மூன்றாவது நாற்காலி சர்குணத்துடையது. மூட்டுவலி வந்தபின் அவர் பாலத்துக்கு நடந்து ஏறி வருவதில்லை. ஞாயிறு மாலைகளில் தன் கறுப்பு கான்டெசா காரில் எங்களைக் கடந்து போவார். நாங்கள் எழுந்து கையைத் தூக்குவோம். அவர் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். எல்லா வண்டிகளும் தாமே ஓட வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவரும் காரில் அதற்கான கருவியை மாட்டினார். ஆனாலும் ஸ்டியரிங்கை விட மாட்டேன் என்றார்.

"வருது பாருங்ண்ணா!" என்று லோகு எழுந்தான்.

"சோம்பேறி, வண்டியக் கழுவவே இல்ல பாரு" என்றேன்.

முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டதால் கான்டெசாவும் எங்களுக்கு நேரே நின்றது. தானாகவே இரண்டு முறை ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இருக்கையில் யாருமில்லை. இருக்கை மீதும் ஸ்டியரிங் மீதும் தூசி படிந்திருந்தது. இத்தனை வாரமும் நாங்கள் காரின் முன்பக்கக் கிரில்லையும் விளக்கையும்தான் பார்த்திருக்கிறோம்.

"கடைசியா எப்பண்ணா அவருக்கு போன் பண்ணுனீங்க?"

"எதுக்குடா பண்ணணும்? வாராவாரம் பாக்கறமே."

லோகு பின்கதவைத் திறந்து ஏறினான். "இது அவரு வூட்டுக்குத்தான் போகும். வாங்ண்ணா."

"நாற்காலியெல்லாம் இருக்குதே" என்றேன்.

அவன் உள்ளே நகர்ந்து எனக்கு இடம் விட்டான். லாரி நகர்ந்தது. அவனுக்குப் பின்னால் கதவு மூடி, தானே பூட்டிக்கொண்டது.