ஹார்மோன் இல்லாத தட்டு

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அருமைநாயகத்தின் புற்றுத் திசுவை, எஸ்தர் ஆய்வகத்தில் இரண்டு தட்டுகளில் வளர்த்தாள். ஒன்றுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தாள், மற்றதற்குக் கொடுக்கவில்லை. அந்தப் புற்றுக்கு அதுதான் தீனி என்பதால், அவருக்கும் ஊசி போட்டு அந்த ஹார்மோனை நிறுத்தியிருந்தார்கள்.

ஒருநாள் அவரே பார்க்க வந்தார். நுண்ணோக்கியில் குனிந்தார். முதல் தட்டு செழித்திருந்தது. ஹார்மோன் இல்லாத இரண்டாவதும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

“இதுக்கு என்னம்மா குடுக்கிய?”

“ஒண்ணும் குடுக்கல, ஐயா.”

“அப்போ எனக்குப் போடுத ஊசி?”

அந்தத் தட்டில் மூன்று வாரம் சுருங்கிக் கிடந்த செல்கள் நேற்றுதான் மறுபடி பெருகத் தொடங்கியிருந்தன. “டாக்டர்ட்ட இன்னைக்கே சொல்லுதேன். வேற மருந்து இருக்கு” என்றாள்.

அவர் கண்ணை எடுக்கவில்லை. “பட்டினி போட்டும் சாவலியே” என்றார். பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல இருந்தது.