சுற்றிய ஆரத்தி

விண்வெளித் தொடரில் செத்துப்போன கேப்டன் நீலன் உயிரோடு திரும்புகிறான் என்று தெரிந்ததும் ரசிகர்கள் எல்லோரும் இளம்பரிதியின் வீட்டு டிவி முன்னால் கூடிவிட்டார்கள். விண்கலத்தின் கதவு திறந்து நீலன் இறங்கி வந்தபோது சிலர் விசிலடித்தார்கள், சிலர் அழுதே விட்டார்கள். இளம்பரிதி படத்தை அப்படியே நிறுத்தினான். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வைத்திருந்த ஆரத்தித் தட்டை எடுத்து டிவிக்குச் சுற்றி, திரையில் நீலனின் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டும் வைத்தான். பிறகு தண்ணீரைத் தெருவில் கொட்டுவதற்காக வாசற்கதவைத் திறந்தான்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். கையில் ஆஸ்பத்திரிப் பை. அவரை இறக்கிவிட்ட ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. டிஸ்சார்ஜ் என்று காலையில் அவர் சொன்னதற்கு, "நானே வந்து கூட்டிட்டு வர்றேம்ப்பா" என்றிருந்தான். இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

அப்பா தட்டைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னடா போனே எடுக்கலைன்னு பார்த்தேன். இந்த வேலையாத்தான் இருந்தியா?"

"இல்லப்பா, இது..." என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, படிக்கு வெளியிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஒருவருக்குச் சுற்றிய தண்ணீரை இன்னொருவருக்குச் சுற்றக் கூடாது. சுற்றினான். அவர் நெற்றியிலும் பொட்டு வைத்தான்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்த அப்பா, டிவியில் அசையாமல் நின்ற முகத்தையும் அதன் நெற்றிப் பொட்டையும் பார்த்தார். தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"யாருப்பா இவரு? இவரும் ரொம்ப நாள் கழிச்சு வீட்டுக்கு வந்திருக்காரா?"