உள்ளே இழுக்காத அறை

ஸ்க்ரூடிரைவரால் டிரெய்லர் அறையின் அடிப்பலகையைக் குத்தினேன். ஊறிய ரொட்டிக்குள் போவது போல அது கைப்பிடி வரை உள்ளே போனது.

"பாத்தியா? இவ பொறுப்போட லட்சணத்தைப் பாத்தியா?" என்று கத்தினேன்.

தூண்டில் கடை கிளிஃப் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டான். ஏப்ரல் மழை அவன் காதில் வழிந்தது. எதிர் டிரெய்லர் வெர்னா இன்று வருகிறாள் என்று தெரிந்ததும், நான் அவளை வாங்கு வாங்கென்று வாங்கப் போவதை வேடிக்கை பார்க்கக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.

"பாக்கறதென்ன, நவம்பர்லேர்ந்து உங்க வாயால கேட்டுட்டுதானே இருக்கேன் ஆர்வோ."

கேட்கட்டும். ஊரே கேட்கட்டும்.

டிரெய்லர் வீட்டின் பக்கச்சுவர் மேசை டிராயர் மாதிரி வெளியே நீண்டு ஓர் அறையாகும். ஸ்லைடு என்போம். ஆளில்லாத வீட்டில் அதை உள்ளே இழுத்து வைக்க வேண்டும். சுப்பீரியர் ஏரிக்கரையில் டிரெய்லர் நிறுத்துகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. அதன் கூரை மேல் விரித்த துணியில் கிடக்கும் இலையைக் கூட்ட வேண்டும், ஓர ரப்பரைத் துடைக்க வேண்டும், ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்தால் கை ஒடிந்தா போய்விடும்?

வெர்னா செய்யவில்லை. அக்டோபரில் மகள் வீட்டுக்குத் தெற்கே போனவள், அறையை வெளியே நீட்டியபடியே விட்டுப் போனாள்.

அதன் மேல் நாலடி பனி விழுந்தது.

யார் தள்ளியது? நான்தான். எழுபத்து மூன்று வயதில் ஏணி போட்டு, நீளக் கோலால், வாரம் இரண்டு தடவை. ஒவ்வொரு தள்ளலுக்கும் அவளை ஒரு திட்டு திட்டினேன். அப்படியும் ஜனவரியில் கூரை நடுவில் குழிந்தது. மார்ச்சில் உருகிய தண்ணீர் ரப்பர் வழியாக உள்ளே இறங்கியது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மெத்தை முழுக்கப் பழுப்புக் கறை. அவளுடைய கட்டில் அந்த அறையில்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு கொடுமை, சாவியைக் கூட யாரிடமும் கொடுக்காமல் போயிருக்கிறாள். இந்த டிரெய்லர் பூங்காவில் முப்பது டிரெய்லர்களுக்கும் குளிருக்கு முன் தண்ணீர்க் குழாயை வடித்து விடுகிறவன் நான், எதிர்வீட்டுக்காரன் நான். என்னிடம் ஒரு சாவி கொடுத்தால் குறைந்தா போவாள்? கொடுத்திருந்தால் எப்போதோ உள்ளே போய் சுவிட்சைத் தட்டியிருப்பேன்.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே" என்று கிளிஃப் டிசம்பரிலேயே சொன்னான்.

நான் ஏன் கேட்க வேண்டும்? தப்பு செய்தவள் அவள். அவளல்லவா கூப்பிட வேண்டும்?

போன வருடம்தான் ஊரில் இருந்த வீட்டை விற்றாள். இனி இதுதான் என் வீடு என்று கதவில் பெயர்ப் பலகை கூட மாட்டினாள். அப்படிப்பட்டவளுக்கு இருக்கிற ஒரே கூரையின் மேல் இவ்வளவுதான் அக்கறை. இந்தப் பலகை போனால் அறை போச்சு. அறை போனால் இவளுக்குப் படுக்க இடம் கிடையாது.

நாசமானதை எல்லாம் நேற்றே ஒரு தாளில் எழுதிவிட்டேன். கூரை, ரப்பர், பலகை, மெத்தை, அலமாரிக் கதவு. பதினோரு வரி. அவள் முகத்துக்கு நேரே வாசிப்பதாக இருந்தேன்.

அவளுடைய பச்சைக் கார் சரளைக்கல்லில் திரும்பியது.

"வந்தாச்சு. ஆரம்பிங்க" என்று கிளிஃப் என் முதுகில் தட்டினான்.

தாளுக்காக மழைக்கோட்டின் பைக்குள் கையை விட்டேன். காலையில் மடித்து வைத்தது. அக்டோபருக்குப் பிறகு இந்த மஞ்சள் கோட்டை ஆணியிலிருந்து எடுத்ததே இன்றைக்குத்தான். இடையில் பெய்ததெல்லாம் பனி. அதற்குத் தடிக் கோட்டு இருக்கிறது.

தாள் விரலில் பட்டது. அதற்கும் கீழே, பையின் மூலையில், ஏதோ சில்லென்று பட்டது.

வெளியே எடுத்தேன். ஒரு சாவி. அதில் கட்டிய அட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது: வெர்னா. கூரைத்துணி காய்ந்ததும் உள்ளே இழுக்கவும்.

என் கையெழுத்து.

அவள் கிளம்பிய அன்றைக்கும் இதே மாதிரி மழை. அவள் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. நான்தான் வாசலில் நின்று கத்தினேன். ஈரத்துணியோடு இழுத்தால் பூசணம் பிடிக்கும், இதுகூடத் தெரியாதா, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பு, காய்ந்ததும் நான் இழுத்து வைக்கிறேன் என்று.

கார் என் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"மழையில ஏன் நிக்கறீங்க ஆர்வோ? பெட்டியில பீச் பழம் இருக்கு, உங்களுக்குத்தான். நீங்க பாத்துக்கறேன்னு சொன்னதாலதான் இந்தக் குளிர்காலம் பூரா நிம்மதியாத் தூங்கினேன்."

கிளிஃப் சாவியைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான்.

அவள் சிரித்துக்கொண்டே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரெய்லர் பக்கம் இன்னும் திரும்பவில்லை.