இரண்டு காலி ஜாடிகள்

அன்று இன்பவல்லிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அம்மாவின் செல்களிலிருந்து நான்கு முழங்கால் குருத்தெலும்புகளை வளர்த்ததாக ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். மேசையில் இருந்த நான்கு ஜாடிகளிலோ இரண்டு காலி.

"மீதி ரெண்டு எங்கம்மா? பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் தேர்வாளர்.

இன்பவல்லி நெறியாளரைப் பார்த்தாள். நெறியாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, எல்லோருக்குமாகப் போட்ட போண்டாத் தூக்கோடு அம்மா உள்ளே வந்தாள். எட்டு வருடமாகச் சுவரைப் பிடித்தே நடப்பவள் என்று ஆய்வேட்டிலேயே எழுதப்பட்டிருந்தவள்.

"நீங்க இவங்கம்மாவா? லிஃப்ட் ஓடலையே, எப்படி வந்தீங்க?" என்றார் தேர்வாளர்.

"மூணு மாடியும் படியேறித்தான் சார். ஆறிடும், சாப்பிடுங்க."

தேர்வாளர் அவள் முழங்கால்களையே பார்த்தார். பிறகு ஒரு போண்டாவைக் கடித்தபடி படிவத்தில் எழுதினார்: 'நான்கும் பார்வையிடப்பட்டன. இரண்டு பயன்பாட்டில் உள்ளன.'