படகின் கால்

கிண்ணியாக் கரையில் இழுத்து வைத்திருந்த படகின் அடியில் குனிந்து பார்த்தார் மெக்கானிக் லாபிர். புரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் வெண்கலக் கால் மறுபடியும் வளைந்திருந்தது.

"ஆறு மாசத்தில மூணாவது தரம். திரும்பவும் பாறையா, தம்பி?"

"ஓம் காக்கா, அதே பாறைதான்," என்றான் படகுக்காரன் அகீல்.

"திரும்பத் திரும்ப நிமித்தினா வெண்கலம் வெடிச்சிரும். இந்தமுறை புதுசு போடுறன்."

"வேணாம் காக்கா, நிமித்தித் தந்தாப் போதும்."

லாபிர் கேட்கவில்லை. புதுக் காலையே பொருத்தினார். படகுக்குள் இருந்த அவர் மகள் பஹ்மியா தண்டைக் கையால் மெல்லச் சுற்றினாள்.

"நேராச் சுத்துதா, வாப்பா?"

பலகைக்குள்ளால் வந்த அந்தக் குரல், சங்குக்குள் கேட்கும் கடல் போலிருந்தது. அகீல் தண்டின் ஓசையைக் கேட்பவன் போலப் படகில் காதை வைத்துக் கண்ணை மூடினான். வெயிலும், தூரத்துத் துறைமுகக் கப்பல்களும் எங்கோ மிதந்து போயின.

"தம்பி!" கழற்றிய காலை லாபிர் அவன் முன்னால் நீட்டினார். "பாறையில அடிச்சா முதல்ல புரொப்பெல்லர்தான் நெளியும். அதில ஒரு கீறலும் இல்ல. இதில இரிக்கிறது சம்மட்டி அடி."

படகிலிருந்து காதை எடுத்து நிமிர்ந்த அகீலின் தோளில் லாபிர் கை வைத்தார்.

"படகுக்குப் புதுக் கால் போட்டாச்சு. இனி உங்களுக்குத்தான் ஒரு கால்கட்டுப் போடவேணும். வெள்ளிக்கிழமை உம்மாவை எங்கட வீட்ட வரச் சொல்லுங்க."

படகுக்குள் சுற்றிக்கொண்டிருந்த தண்டு சட்டென்று நின்றது.