வேலியோரப் புகை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. நசினுவில் இருக்கும் ரத்தினம் சித்தி சொன்னது. சித்தி பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

சுவா நகரைச் சுற்றி ஊரே கொரோனாவில் முடங்கிக் கிடந்த வருஷம். பக்கத்து வீட்டு விலிகேசா அதில்தான் போனார். அவர் மனைவி மெரியோனிக்கும் காய்ச்சல் வந்தது. அவள் பிழைத்து எழுந்தாள்.

எழுந்ததிலிருந்து தினமும் காலையில் ஒரு காரியம் செய்தாள். கம்பி வேலிக்கு வந்து முகக்கவசத்தை இறக்குவாள். அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்த சாகியுசா, செய்தித்தாளில் சுருட்டிய சுக்கிப் புகையிலையைப் பற்றவைத்து அவள் முகத்தில் ஊதுவான்.

"இன்னைக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

எது இல்லை? சித்திக்கு மண்டை குடைந்தது.

"சுக்கி பிடிக்கறார்னு புருஷனை மழையில நிக்க வெச்சவ! இப்ப இவளே புகைக்கு அலையறாளே!"

ஒருநாள் சாகியுசா இரண்டு இழுப்பு இழுத்ததுமே இருமினான். குனிந்து, கண்ணில் நீர் வழிய இருமினான். சித்தி தன் முற்றத்திலிருந்தே கத்தினாள்.

"தம்பி, இந்த இருமலோட ஊதறியே, எங்களையும் கூட்டிட்டுப் போகவா? இரு, சுகாதாரக்காரங்களுக்குப் போன் போடறேன்."

"ஒண்ணுமில்லக்கா. இன்னைக்கு இலை கொஞ்சம் காரம்."

"மெரியோனி, உனக்குப் புத்தி எங்க போச்சு?"

"புத்தி இருக்கு ரத்தினம். மூக்குதான் போச்சு. காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாசமும் தெரியல."

"அதுக்கு?"

"அவர் போட்டிருந்த கோட்டு ஒண்ணை பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி வெச்சிருக்கேன். அவர் வாசம் இருக்கறது அது ஒண்ணுலதான். மூக்கு வர்றதுக்கு முன்னாடி திறந்தா எல்லாம் பறந்துடும்."

"மூக்கு வந்துச்சான்னு சோப்பை மோந்து பாரேன்."

"சோப்பு வாசம் வந்து எனக்கு என்ன ஆகணும்?"

"சரி, அந்த இலையையாவது நீயே கொளுத்திக்கோ."

"அது வேற வாசம். ஆள் இழுத்து விடணும். முப்பது வருஷமா திட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? இந்தப் பையன்கிட்ட 'சுக்கி இருக்கா'ன்னு கேட்டேன். மறுநாளே கொண்டுவந்துட்டான்."

சித்தி போன் போடாமல் விடவில்லை. சுகாதாரக்காரர்கள் வந்து சாகியுசாவின் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். அவனுக்குக் கொரோனா இல்லை. மறுநாள் காலையிலும் வேலியில் நின்றான், இருமிக்கொண்டே.

பிறகு ஒரு காலை. அவன் ஊதினான். மெரியோனி முகத்தைச் சுளித்தாள்.

"த்தூ! என்ன நாத்தம் இது! தள்ளிப் போ!"

சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்படியே வீட்டுக்குள் ஓடினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சாகியுசா மீதிச் சுருட்டைக் காலால் நசுக்கினான். அதற்குப் பிறகு அவன் ஊதி யாரும் பார்க்கவில்லை என்றாள் சித்தி.

அந்த இருமல் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நசினுவுக்குப் போனபோது சாகியுசாவின் தங்கையைப் பார்த்தேன். உங்கள் அண்ணன் சுக்கியை எப்படி விட்டார் என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள்.

"எங்க அண்ணனா? சர்ச்சுல பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறவர். பொறந்ததிலேர்ந்து புகையைத் தொட்டதில்ல. டீ கூடக் குடிக்க மாட்டாரே!"