வாசலிடம் சொன்ன வார்த்தை

ஊரப்பாக்கம் பூங்காவில் வசந்த விழா முடிய மூன்று நிமிடம்தான் இருந்தது. ஆறு மணிக்குக் கொசு மருந்துப் புகை விடுவார்கள். அது கொசு யார், ஆள் யார் என்று பார்ப்பதில்லை. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேர்தான் பாக்கி.

சொல்வதைக் கேட்டுத் திறக்கிற பூங்கா வாசலிடம், விடைபெறுகிற பழக்கத்தில் அப்பா, "வரோம்பா" என்றார்.

"வாருங்கள், மகிழ்ச்சி" என்றது வாசல். திறக்கவில்லை.

"போறோம்னு சொல்லுங்கப்பா!" என்று கத்தினேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்த வார்த்தையைச் சொன்னே, வாயிலேயே போடுவேன்" என்றாள் அம்மா. அப்பாவிடம் திரும்பினாள். "போயிட்டு வரோம்னு சொல்லுங்க."

சொன்னார்.

"போகிறீர்களா, வருகிறீர்களா?" என்றது வாசல்.

செடிகளுக்குள் புகைக்குழாய்கள் இருமத் தொடங்கின. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மூணு பேரும் போறோம்" என்றார்.

வாசல் திறந்தது. வீடு வரைக்கும் ஓடினோம்.

வீட்டுக்கதவு திறக்கவில்லை. அம்மா கட்டைவிரலை மூன்று தடவை வைத்துப் பார்த்தாள்.

"இந்த வீட்டில் இருந்த மூவரும் ஐந்து ஐம்பத்தொன்பதுக்குப் போய்விட்டார்கள்" என்றது கதவு. "ஆழ்ந்த அனுதாபங்கள். நீங்கள் யார்?"